எரியும் பனிக்காட்டில் ஒரு மருத்துவர்

மீனாட்சிபுரத்தில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஆனைமலைத் தொடர் நீலச்சுவர் போல் தோன்றும். பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்வோரும் பாலக்காட்டுக்குச் செல்வோரும் அம்மலையை நாள்தோறும் காண்கின்றனர். அதன் உச்சியில் விளைந்த தேயிலையைக் காலையும் மாலையும் பருகுகின்றனர். ஆழியாற்றைக் கடந்து நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கே காடழித்துத் தேயிலை நட்ட கைகள் யாருடையவை, அக்கைகளுக்குரியோர் என்ன ஆயினர் என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், விடை சொல்லக்கூடிய முதியவர்கள் சொல்லாமலே மறைந்தனர். அந்த விடையை எழுத்தில் வைத்தவர் ஒரு மருத்துவர். பி. எச். டேனியல் என்பது அவர் பெயர்.

டேனியல் 1941ஆம் ஆண்டு முதல் 1965 வரை தோட்ட மருத்துவராகப் பணிபுரிந்தவர். நோயாளிகளாக வந்த முதிய தொழிலாளர்கள் தம் இளமைக் காலத்தைப் பற்றிச் சொன்னவற்றைக் கேட்டு, அவற்றையே கருவாகக் கொண்டு ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை 1969இல் வெளியிட்டார். தமிழரின் துன்பத்தைப் பற்றித் தமிழ்நாட்டார் ஒருவர் எழுதிய இந்நூல் தமிழுக்கு வர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரோடு 2007இல் அது வெளிவந்தது. பின்னர் 2013இல் இயக்குநர் பாலா இதனை ஆதாரமாகக் கொண்டு ‘பரதேசி’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். நாவலில் வரும் மருத்துவர் திரைப்படத்தில் என்ன ஆனார் என்பதில் ஒரு பெரிய செய்தி அடங்கியுள்ளது. இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணமும் அதுவே.

கதைப்போக்கு எளியது. 1920களில், மழை பொய்த்த திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை என்னும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் பசியால் வாடுகின்றனர். மேஸ்திரி ஒருவன் வருகிறான். மலையிலே வேலை, கைநிறையக் காசு, சில ஆண்டுகளில் கடன் தீர்த்து நிலம் வாங்கி ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டி முன்பணம் கொடுக்கிறான். அந்த முன்பணந்தான் விலங்கு. மலையில் குளிரும் அட்டையும் ஓயாத மழையும் அடிக்கும் உதையும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தம் போக, கடன் குறைந்த பாடில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. ஆகவே நோய் வளர வளரக் கடனும் வளர்கிறது. சாவு ஒன்றே கணக்கை முடிக்கிறது.

இக்களம் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிச் சிற்றூர்ப் பெண் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி, அவள் வாழ்வு சிதைவதைக் காட்டினார். அவருடைய சினத்துக்கும் ஏளனத்துக்கும் முன்னே டேனியலின் நடை வெளிறியதே. சொல்லழகுக்காக டேனியலை யாரும் படிக்கப் போவதில்லை. ஆயினும் புதுமைப்பித்தனிடம் இல்லாத ஒன்று இவரிடம் உண்டு. ஒரு மனிதன் காய்ச்சலில் எப்படிச் சாகிறான், அச்சாவைத் தடுக்க என்ன செலவாகும், அச்செலவை மறுத்தவர் யார் என்பதை ஒரு மருத்துவரின் கண்ணால் இவர் பார்த்திருக்கிறார்.

மலைக்காய்ச்சலின் காரணம் அக்காலத்தில் அறியப்படாத மர்மம் அன்று. கொசுவின் உடலில் அக்கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் 1897இலேயே கண்டறிந்துவிட்டார். கொயினா மருந்தோ அதற்கும் முற்பட்டது. ஓடைகளைத் துப்புரவு செய்து நீர் தேங்காமல் வடிப்பதும், குடிநீரைத் தூய்மையாக வழங்குவதும், கழிப்பிடம் அமைப்பதும், காய்ச்சல்காரனைப் பிரட்டுக்கு விரட்டாமல் படுக்க விடுவதும் வெள்ளைத் துரைமார்க்குத் தெரியாத வித்தைகள் அல்ல. தம் பங்களாக்களில் அவற்றைச் செய்தே கொண்டனர். லயங்களில் செய்யாமைக்குக் காரணம் அறியாமை என்பது பொருந்தாது. செத்தவனுக்குப் பதில் வேறொருவனை மேஸ்திரி கொண்டுவந்து சேர்ப்பான். கழிப்பிடம் கட்டுவதைவிட அது மலிவு. இந்நூலின் உள்ளுறை இதுதான். நாவலின் பிற்பகுதியில் டாக்டர் ஆப்ரகாம் வந்து சேர்ந்த பின்னரே இது வெளிப்படையாகிறது.

கிறித்தவ மருத்துவத் தொண்டு என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவன நெய்யூரும் வேலூரும். நெய்யூர் மருத்துவப்பணி 1838இல் தொடங்கியது. எவரெஸ்டு ஏறும் முயற்சிகளில் 1922இலும் 1924இலும் பங்கு கொண்ட சாமர்வெல், இலண்டனில் தமக்குக் காத்திருந்த பெருவாழ்வை விட்டு வந்து பணிபுரிந்த இடமும் அதுவே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் மருத்துவப்பணி தொடங்கியதை இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். இவர்களைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் ஒன்று கருதவேண்டும். மிஷன் மருத்துவருக்குப் பின்னே மிஷன் நிற்கிறது. அவருக்குப் படியளப்பவரும் அவர் தொண்டு செய்யவேண்டும் என்றே விரும்புகின்றனர். நோய்க்கும் அவருடைய சம்பளத்துக்கும் உறவில்லை.

தோட்டத்து மருத்துவர் நிலை வேறு. அவருக்குச் சம்பளம் தரும் கையே நோயையும் உண்டாக்குகிறது. ஆள் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்லவேண்டும் என்பதற்காகவே கம்பெனி அவரை வைத்திருக்கிறது. ஒருவனுக்கு ஓய்வு வேண்டும் என்று சீட்டெழுதினால் அது நிருவாகத்தின் கணக்கில் இழப்பாகிறது. ஆகவே இங்கே ஒருவரது விசுவாசம் வேதபாடத்தாலோ ஞாயிறு ஆராதனையாலோ சோதிக்கப்படுவதில்லை. ஒரு சீட்டினால் சோதிக்கப்படுகிறது. ஆப்ரகாமின் பாத்திரத்துக்கு வலிமை தருவது இந்த இக்கட்டுதான்.

‘ஊழியம்’ என்னும் நம் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். திருவிதாங்கூரில் அது ஒடுக்கப்பட்ட குலத்தார் அரசுக்கும் மேலோர்க்கும் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் அதே சொல் இறைபணியைக் குறிக்கிறது. அடிமை வேலைக்கும் இறைபணிக்கும் ஒரே பெயர்! இம்முரணை மொழி தானாக உண்டாக்கி வைத்திருக்கிறது. கருப்பன் செய்வது முதல் பொருளில் ஊழியம். ஆப்ரகாம் செய்ய விழைவது இரண்டாம் பொருளில் ஊழியம். ஆனால் இருவரும் ஒரே துரைக்குக் கீழே நிற்கின்றனர். கருப்பனின் ஊழியத்தை அப்படியே விட்டுவைத்துத் தன் ஊழியத்தை மட்டும் செய்துகொள்ள ஆப்ரகாமால் முடியுமா? மருந்து கொடுத்து, ஆறுதல் சொல்லி, இறந்தவனுக்காக மனமிரங்கி, மறுநாள் அதே ஓடைநீரை அவன் மக்கள் குடிக்கக் கண்டு வாளாவிருந்தால் அது தொண்டாகுமா? நாவல் இக்கேள்விகளை இந்தச் சொற்களில் எழுப்பவில்லை. நிகழ்ச்சிகளால் எழுப்புகிறது. மருத்துவமனையின் சீர்கேட்டோடு தொடங்கும் ஆப்ரகாமின் பூசல் படிப்படியாக நிருவாகத்தோடு மூளும் பூசலாக மாறுவதற்குக் காரணம், நோயாளியை ஒழுங்காகப் பார்க்கப் புகுந்த எவர்க்கும் அங்கே வேறு வழியில்லாமைதான்.

இவ்விடத்தில் முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவலான ‘டூ லீவ்ஸ் அண்டு எ பட்’ (1937) ஒப்பிடத்தக்கது. அசாமியத் தேயிலைத் தோட்டத்தில் டி லா ஹாவர் என்னும் ஐரோப்பிய மருத்துவர் கூலிகளுக்காகப் பரிந்து பேசித் தம் பதவியை இழக்கிறார். கங்கு என்னும் ஏழை உழவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்ற வெள்ளையன் விடுதலையாகிறான். கலைத்திறனில் ஆனந்த் மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. எனினும் டி லா ஹாவரின் இரக்கம் நூலறிவின் வழி வந்தது. பொதுவுடைமை பேசுகிறார், காதலிக்கிறார், கலங்குகிறார். இறுதியில் தோட்டத்தை விட்டுப் போகவும் அவருக்கு வேறு நாடு உண்டு. ஆப்ரகாமோ இந்நாட்டவர். துரைமாரின் நாற்காலிக்கும் தொழிலாளியின் சாக்குக்கும் இடையே, இரண்டிலும் அமர முடியாதவர். துரைமார் கிறித்தவர், அவரும் கிறித்தவர். ஒரே வேதத்தை வாசிப்போர் இருவேறு முடிவுகளுக்கு வந்து நிற்கும் காட்சி ஆனந்திடம் இல்லை. டேனியல் அதனை வலிந்து காட்டாமல் விட்டிருப்பது நன்று.

இனித் திரைப்படம். ‘பரதேசி’யின் முற்பகுதி தமிழ்த்திரையில் அரிதாகக் காணப்படும் உண்மையோடு அமைந்தது. நாஞ்சில் நாடனின் உரையாடலும் அதர்வாவின் நடிப்பும் மறக்கத்தக்கன அல்ல. மலைக்குப் போகும் நெடும்பயணத்தில், விழுந்துவிட்டவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகரும் காட்சி நாவலைப் படித்தவரையும் உலுக்கும். ஆனால் மருத்துவர் வருகிறார். ஆப்ரகாம் என்னும் பெயர் போய்ப் பரிசுத்தம் என்றாகிறது. கொள்ளைநோயில் மக்கள் மடியும் வேளையில் இவர் ஆடிப்பாடி மதத்துக்கு ஆள் சேர்க்கும் கோமாளியாகக் காட்டப்படுகிறார். துரையோடு இவருக்குப் பூசலும் இல்லை. நாவலில் கணக்கேட்டை எதிர்த்து நின்றவர் திரையில் கணக்கேட்டின் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதனைப் பாத்திர மாற்றம் என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா? மூலநூலை மாற்றும் உரிமை திரைக்கலைஞர்க்கு உண்டு. அதை மறுப்பவர் கலையறியாதவர். ஆனால் ஈண்டு நிகழ்ந்தது வேறு. அந்நாவலை எழுதியவரே தோட்டத்து மருத்துவர். டேனியல் என்னும் பெயருடைய கிறித்தவர். அவர் கேட்டு எழுதி வைத்திராவிட்டால் கருப்பனும் இல்லை, வள்ளியும் இல்லை, ‘பரதேசி’யும் இல்லை. சாட்சி சொன்னவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போன்றது இது. மொழிபெயர்ப்பாளர் முருகவேளும் இம்மாற்றத்துக்குத் தம் மறுப்பைத் தெரிவித்தவர்களுள் ஒருவர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இயக்குநரின் ஐயம் வானத்திலிருந்து குதித்ததன்று. 1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவம் தழுவினர். கஞ்சிக்காக மதம் மாறியவர் என்ற ஏளனம் அன்றே எழுந்தது. மிஷனரிகளுக்குள்ளேயே அதுபற்றி மனக்கலக்கம் இருந்தது. பசித்தவனுக்குச் சோறிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்வது தொண்டின் திரிபு என்று கிறித்தவரே சொல்லவேண்டும். ஏளனம் செய்தவர்கள் அந்தக் கஞ்சியையாவது ஊற்றினார்களா என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தே நிற்கிறது. ஆகவே மதமாற்றத்தைப் பற்றித் திரைப்படம் எடுக்கக்கூடாது என்பது நம் வழக்கன்று. அதற்கு வேறு கதைகள் இருக்கின்றன. ஆப்ரகாமின் கதையில் அதற்கு இடமில்லை. நாவலின் ஆப்ரகாம் எவரையும் மதம் மாற்ற வந்தவர் அல்லர்.

நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லோரும், எச்சமயத்தவராயினும், பாடப்புத்தகத்திலேனும் படித்திருப்போம். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கடந்து போக, வேற்றினத்தானாகிய சமாரியன் காயம் கட்டிச் சத்திரத்தில் சேர்க்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தானே ஏற்பதாகச் சொல்லிப் போகிறான். அவன் காயம்பட்டவனிடம் தன் வழிபாட்டைப் பற்றிப் பேசியதாக அக்கதையில் இல்லை. பேசியதெல்லாம் சத்திரக்காரனோடு; அதுவும் செலவுக் கணக்கைப் பற்றி. பரிசுத்தம் காயம்பட்டவனிடம் பாடுகிறார். ஆப்ரகாம் செலவுக்குரியவரிடம் வாதாடுகிறார். இருவருள் உவமைக்கு நெருங்கியவர் யார் என்பதை வாசகர் தாமே காணலாம்.

நாவலுக்குக் குறையில்லை என்று கூறுவதற்கில்லை. பெருங்குறை ஒன்று உண்டு. அதுவும் இம்மருத்துவரைப் பற்றியதே. ஆப்ரகாம் வந்தபின் கருப்பனும் வள்ளியும் மங்கிவிடுகின்றனர். அதுவரை அவர்கள் கண்வழியே மலையைக் கண்ட நாம், பின்னர் மருத்துவர் கண்வழியே அவர்களைக் காண்கிறோம். கதைத்தலைவர்கள் நோயாளிகளாகிவிடுகின்றனர். மீட்பர் ஒருவர் வந்தால்தான் விடிவு என்ற எண்ணம் தோன்றிவிடக்கூடிய இடம் இது. லயத்துக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட உதவிகள் எத்தனை! காய்ச்சல்காரிக்குக் கஞ்சி காய்ச்சியவள், பிள்ளைப்பேறு பார்த்த கிழவி, இறந்தவன் பிள்ளையைத் தன் பிள்ளையோடு வளர்த்தவள் ஆகியோர் கையில் மருந்துப்பெட்டி இல்லை. ஆனால் அவர்கள் செய்ததும் தொண்டே. டேனியல் இதனை இன்னும் விரித்திருக்கலாம். மருத்துவர் எழுதிய நாவலில் மருத்துவர் முன்னே வந்து நின்றுவிட்டார், மனித இயல்பு.

அக்குறையைச் சற்றே ஈடுசெய்வது வரலாறு. டேனியல் பணிபுரிந்த காலத்தின் நடுவே, 1951இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குடியிருப்பு ஆகியவை தோட்ட முதலாளியின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. நாவலில் ஒரு மருத்துவர் கெஞ்சியும் வாதாடியும் பெற முயன்றவை பின்னர் தொழிலாளியின் உரிமைகளாகப் பட்டியலிடப்பட்டன. இச்சட்டம் வருமுன்னர்ப் பத்தாண்டும், வந்தபின்னர்ப் பதினான்காண்டும் தோட்ட மருத்துவத்தில் இருந்தவர் டேனியல். கருணையால் கிடைப்பதற்கும் உரிமையால் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் தம் மருத்துவமனைத் திண்ணையிலேயே கண்டிருப்பார். அதனால்தான் போலும், ஆப்ரகாமின் நற்குணத்தைப் புகழ்வதில் அவர் அதிகம் நேரம் செலவிடவில்லை.

முருகவேளின் தமிழாக்கம் பற்றி ஒரு சொல். ‘சிவப்புத் தேநீர்’ என்று நேராக மொழிபெயர்த்திருந்தால் தலைப்பு கட்சிக்கொடியின் நிறத்தைப் பெற்றிருக்கும். குருதியின் நிறம் மறைந்திருக்கும். ‘எரியும் பனிக்காடு’ என்றதில் காய்ச்சலின் வெப்பமும் மலையின் குளிரும் ஒருங்கே வந்துவிட்டன. ஆங்கிலத்தில் சற்று விறைப்பாக நின்ற மாந்தர் தமிழில் தம் சொந்த வீட்டுக்கு வந்தவர் போல் பேசுகின்றனர். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு இயல்பாக ஒலிக்கும் அரிய நூல்களுள் இஃது ஒன்று. கருப்பன் ஆங்கிலத்தில் பேசினான் என்பதே ஒரு வேடிக்கைதானே.

ஆனைமலைக்கு அப்பால், நம்முடைய இடுக்கி மலைகளுக்கு இக்கதை எவ்வளவு பொருந்தும் என்பதற்கு மூணாற்றின் கிறிஸ்து ஆலயம் ஒரு சான்று. தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினர் 1894இல் காலராவால் இறந்தார். குன்றின்மேல் அவரை அடக்கம் செய்தனர். 1910–11இல் அக்குன்றின் சரிவில் ஆலயம் எழுந்தது. இருபத்து நான்கு வயதில் இறந்த அப்பெண்ணுக்காக யாரும் இரங்குவர். அதே மலைகளில் கொள்ளைநோய்க்கு இரையான கூலிகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மடிந்தனர். அவர்களுள் பலர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பத்தினர். கருப்பனும் வள்ளியும் புறப்பட்ட அதே கரிசல் சீமையிலிருந்து வந்தவர்கள். அம்முறை பெயர்கள் நாளேடுகளில் வந்தன.

மூணாற்றுத் தோட்டங்களோடு குடும்ப உறவுடைய டி. செல்வராஜ் ‘தேநீர்’ என்னும் நாவலில் தோட்டத் தொழிலாளர் வாழ்வை எழுதினார். அதில் சங்கம் முன்னிற்கிறது, மருத்துவமனை பின்னிற்கிறது. நெல்லியாம்பதிக்கும் பீருமேட்டுக்கும் அவ்வளவு கூடக் கிட்டவில்லை. அங்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர்களும் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளும் இருந்தனர். அவர்களிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இம்மலரைக் கையில் வைத்திருக்கக்கூடும். டேனியல் செய்ததெல்லாம் முதியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டதும், கேட்டதை எழுதியதுந்தான்.